வயிற்றின் மேல் மாவிளக்கு

22 ஜனவரி 1981, வியாழன்
திருமங்கலம்

இன்று முதல் நடப்பதை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்குப் பிடிக்காததையும் விட மாட்டேன். பொய் எழுதுவதாக இருந்தால் எதற்கு எழுத வேண்டும்?

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்தோம். பொங்கல் அங்கேயே கழிந்தது. எனக்குச் சர்க்கரை நோய். பதினாலு வயதில் வருமா என்று கேட்காதவர்கள் இல்லை. வரும் என்கிறார் டாக்டர் அனந்தலக்ஷ்மி. என் உடம்பின் வெள்ளை அணுக்களே கணையத்தை எதிரி என்று நினைத்துத் தாக்கியிருக்கலாமாம். வெளிநாடுகளில் இன்னும் ஆராய்கிறார்களாம். இன்சுலின் சுரப்பது அங்கேதான். அதனால் தினமும் காலையில் ஊசி. அப்பா போடுகிறார்.

உடம்பில் அழற்சியும் இருக்கிறதாம். அதைக் காட்டும் சோதனைக்கு இ.எஸ்.ஆர். என்று பெயர். இரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்து, சிவப்பு எவ்வளவு கீழே இறங்குகிறது என்று அளக்கிறார்கள். அழற்சி இருந்தால் வேகமாக இறங்கும். இருபதுக்குள் இருக்க வேண்டும். எனக்கு ஐம்பத்தெட்டு. காசநோயோ என்று நெஞ்சைப் படம் எடுத்தார்கள். இல்லை.

அம்மாவுக்கு அழற்சி என்றால் புரியவில்லை. "உள்ள புண்ணு மாதிரி" என்றார் அப்பா. அம்மா ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே எங்கள் சொந்த ஊர் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். புண் ஆறினால் என் வயிற்றில் மாவிளக்கு.

30 ஜனவரி, வெள்ளி

தினமும் காலையில் சோதனைக் குழாயில் பெனடிக்ட் கரைசல், சிறுநீர் எட்டுச் சொட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்கவைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் என்று ஏற ஏற மோசம். இன்று பச்சை.

13 பிப்ரவரி, வெள்ளி

ஒரு வாரமாக நீலம்! டாக்டர் ஊசி மருந்தை நிறையக் குறைத்துவிட்டார். "குறைக்கத்தான் செய்யறேன். நிறுத்தக் கூடாது" என்றார். அப்பா தலையாட்டினார். நானும்.

26 பிப்ரவரி, வியாழன்

இங்கேயே பிச்சுமணி சாரின் லேபில் இரத்தம் கொடுத்தோம். இ.எஸ்.ஆர். பதினாலு!

"நார்மல் சார். கவலையை விடுங்க" என்றார்.

அப்பா யூனியன் ஆபீஸில் கிளார்க். எந்தத் தாளையும் இரண்டு தரம் படிப்பவர். இதை நாலு தரம் படித்தார். வீட்டு வாசலிலிருந்தே, "ராமக்கா, புண்ணு ஆறிருச்சு!" என்று அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினார். அம்மா அழுதாள்.

"அப்ப ஊசி?" என்றேன்.

"ஆறுன புண்ணுக்கு யாரும்மா மருந்து போடுவா?"

டாக்டரைக் கேட்க வேண்டாமா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றியது. ஆனால் ஊசி இல்லாத காலையை நினைத்ததும் அப்படி ஒரு சந்தோஷம்.

3 மார்ச், செவ்வாய்

நீலம். ஊசி இல்லை.

14 மார்ச், சனி

பச்சை. நேற்று வாழைப்பழம் தின்றதாலோ?

18 மார்ச், புதன்

மஞ்சள். வகுப்பில் மூன்று தரம் அனுமதி கேட்டு எழுந்து போனேன். சிரிக்கிறார்கள்.

அப்பாவிடம் குழாயைக் காட்டினேன். முகம் சுருங்கியது. உடனே பிச்சுமணி சாரிடம் கூட்டிப்போனார். இ.எஸ்.ஆர். பதினொன்று.

"பாத்தியா? இன்னும் கொறஞ்சிருக்கு. வெயில் தாயி, தண்ணி தவிக்கத்தான் செய்யும். அந்தக் கரைசலு பழசாயிருக்கும்" என்றார் அப்பா.

ஊரில் எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை மாவிளக்கு. எண் பொய் சொல்லுமா? பிறகு குழாய் ஏன் வேறு சொல்கிறது?

22 மார்ச், ஞாயிறு

கரைசல் பழசா என்று தெரிய ஒரு வழி இருக்கிறது. அம்மாவிடம் அவள் சிறுநீரைக் கேட்டேன், கூச்சமாகத்தான் இருந்தது. "அடி இவளே, என்னைய எதுக்குடி சோதிக்கிற?" என்று சிரித்துக்கொண்டே கொண்டுவந்து கொடுத்தாள். ஒரே புட்டிக் கரைசல், இரண்டு குழாய்.

அம்மாவுடையது நீலம். என்னுடையது செங்கல்.

அம்மா இரண்டையும் ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. "அப்பாட்ட சொல்லு" என்றாள். சொன்னேன். "நேத்திக்கடன முடிச்சிட்டு மறுநா மதுரைக்கே போவோம். சரியா?" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

பயமாக இருக்கு. இன்னும் மூணே நாள்தானே? மூணு நாள்ல என்ன ஆகும்?

27 மார்ச், வெள்ளி
மதுரை, ஆஸ்பத்திரி

இன்றுதான் எழுத முடிகிறது.

திங்கட்கிழமை பஸ்ஸில் போய் கொட்டாம்பட்டியில் இறங்கி சொந்த ஊருக்கு நடந்தோம். அப்பாவின் அக்கா சோலையம்மாள் அத்தை வீடு நிறையச் சொந்தக்காரர்கள். நான் செம்பு செம்பாகக் குடிப்பதைப் பார்த்து அத்தை, "வைகையில தண்ணி இல்லாததுக்கு நீதான்டி காரணம்!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். இரவு வாந்தி எடுத்தேன்.

செவ்வாய் காலை கோயில் முன்னால் படுக்கவைத்தார்கள். வயிற்றில் வாழையிலை, அதன்மேல் வெல்லமும் பச்சரிசி மாவும் பிசைந்த விளக்கு. நெய்த் திரி. அது தானாக மலையேறும் வரை அசையக் கூடாது. அப்புறம் அந்த மாவைத் தின்ன வேண்டும். அப்பா கும்பிட்டபடி நின்றார்.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சிறுநீர் முட்டியது. மூச்சை அடக்க முடியவில்லை. பெரிது பெரிதாக வாங்கியது. விளக்கு ஏறி ஏறி இறங்கியது.

"அம்மா, முடியலம்மா."

"பேசாதடி, விளக்கு சாயும்" என்றாள் அத்தை.

அம்மா குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். எரிகிற விளக்கை இலையோடு இரண்டு கையாலும் தூக்கிக் கீழே வைத்தாள்.

"அடிப்பாவி! குடும்பம் வெளங்குமா?"

"வெளக்கு எம்மகளுக்காகத்தான் மதினி. எம்மக வெளக்குக்காக இல்ல." பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். "எனக்குப் படிக்கத் தெரியாது. என்னுது நீலம், இவளுது செங்கலு. அது எனக்குத் தெரியுது. வாரீகளா, நானே தூக்கிட்டுப் போகவா?"

அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். அவர் தோளில் வாந்தி எடுத்தது வரை நினைவிருக்கிறது. கண் விழித்தபோது கையில் குளுக்கோஸ் பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

29 மார்ச், ஞாயிறு

டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். அப்பா இரண்டு லேப் தாளையும் நீட்டினார். "நார்மல்னு போட்டிருக்கே டாக்டர்."

"நெருப்பு அடங்கிடுத்துன்னு இந்தத் தாள் சொல்றது. கூரை மிச்சம் இருக்கான்னு இது சொல்லாது. கூரை எரிஞ்சு தீர்ந்தாலும் நெருப்பு அடங்கும் இல்லையா?"

கணையத்தில் கொஞ்சநஞ்சம் மிஞ்சியது சில வாரம் தாங்கியதாம். அதனால்தான் அந்த நீலம். இனி ஊசி என்றைக்கும் உண்டு.

அப்பா டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனார். வெகுநேரம் கழித்து வந்தார், வெறுங்கையோடு.

19 ஏப்ரல், ஞாயிறு
திருமங்கலம்

நேற்று மறுபடி இரத்தம் எடுத்தார்கள். இ.எஸ்.ஆர். பன்னிரண்டு. அப்பா தாளைப் பிரிக்காமலே என்னிடம் தந்தார்.

"காலையில என்ன கலரு?"

"லேசாப் பச்சை."

"ம். ஊசியக் கொதிக்கவைக்கிறேன்."

இன்று நானே தொடையில் போட்டுக்கொண்டேன். முதல் தரம் பயத்தில் இழுத்துவிட்டேன். இரண்டாவது சரியாகப் போனது.

சாயங்காலம் அம்மா கோயிலுக்குப் போய்வந்து குங்குமம் வைத்தாள்.

"மறுபடி என்னம்மா நேந்துக்கிட்ட?"

"கடைக்காரன் ஒரு நாளும் அந்த மருந்து இல்லைன்னு சொல்லிறக் கூடாதுன்னு."

"நோய் போகணும்னு கேக்கலையா?"

"ஆத்தாளுக்கு அம்புட்டுச் செரமம் எதுக்கு?" என்று பாயை விரித்தாள்.

கூடத்து லைட்டை அணைத்துவிட்டார்கள். கடைசி வரியைத் தெருவிளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன்.