கரிமீன் ஏற்பியின் உள்பக்கம்

இன்று காலை சந்தையில் மீன்காரி கரிமீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு, காயல் மீனின் மண்ணீரலை நறுக்குகிற நீ. ஸ்ரீவராகம் அக்கிரகாரத்தில் மீனே நுழையாத வீட்டுப் பெண். வீடு திரும்பினால் அம்மா நேராகக் கிணற்றடிக்குத்தான் அனுப்புவாள் என்று சொல்லிச் சிரிப்பாய்.

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. அழுவதற்காக எழுதவில்லை. நீ ஜெயித்த கதையை உனக்கே ஒருமுறை சொல்ல வேண்டும்போல இருந்தது.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். ஒரே ஆய்வுக்கூடத்தில் இருவரும் முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருந்தோம். கிருமியை உணர்ந்து செல்லுக்குள் செய்தி அனுப்பும் ஏற்பியை நீ கரிமீனில் தேடினாய். கிடைத்தது பாதிதான். செல்லுக்கு வெளியே நீட்டியிருக்கும் பகுதி அகப்படவில்லை. உள்ளே செய்தியைக் கடத்தும் பகுதி மட்டும் வந்தது. அதன் அமினோ அமில எழுத்து வரிசை தெரிந்த எதோடும் சரியாகப் பொருந்தாததால், கணினி அதை எந்தக் குடும்பத்திலும் சேர்க்கவில்லை. நம் ஆய்வு வழிகாட்டி உன் தாள்களைத் திருப்பித் தந்து, தன் மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்:

“இந்த சாப்டர் வேண்டா. தீசிஸ் கொடுக்க மூணு மாசமல்லே உள்ளு?”

நீ விடவில்லை. கேன்டீன் மேசையில் எனக்கு வரைந்து காட்டினாய். நடுவில் ஐந்து இழைகள், சுற்றிலும் சுருள்கள், இரண்டாவது இழையை அடுத்து ஒரு வளைவு. டிஐஆர் என்ற பகுதியின் மடிப்பு அது.

“எழுத்து மாறினா என்னடி? மடிப்பு அதேயாக்கும், கேட்டயா. வெளியில எது வேணா இருக்கட்டும். உள்ள இது இருந்தா ஒரே குடும்பம்.”

“நீ சொல்லுக. சார் ஒத்துக்கணும்லா?” என்றேன் நாகர்கோவில்காரியான நான்.

“ஒத்துக்க வைக்கறேன்.”

அந்த வளைவில் இருக்கும் புரோலின் என்ற ஒரு அமினோ அமிலம் மாறினால் எலியில் செய்தி நின்றுவிடும் என்பது அப்போதே தெரிந்த விஷயம். உன் மீனிலும் அதே இடத்தில் புரோலின் இருந்தது. காணாமல் போன வெளிப்பகுதிக்கு வேறொரு புரதத்தின் துண்டை இரவல் வாங்கி ஒட்டினாய். செய்தி போய்ச் சேர்ந்தால் மின்மினியின் நொதி ஒளிரும்படி செல்களைத் தயார் செய்தாய். இரண்டு முறை செல்களில் பூஞ்சை பிடித்து எல்லாம் குப்பைக்குப் போயிற்று. குப்பியைக் கழுவிக்கொண்டே மூன்றாவது முறைக்கு நாள் குறித்தாய்.

மூன்றாவது முறை, மாற்றாத ஏற்பி ஒளிர்ந்தது. ஒளியை அளக்கும் கருவியில் எண்கள் மடமடவென்று ஏறின. புரோலினை மாற்றிய ஏற்பியில் ஒன்றுமே இல்லை. கையுறையோடு நடைபாதையில் ஓடினாய், “நின்னுபோச்சு! நின்னுபோச்சு!” என்று கத்திக்கொண்டு. என்ன கெட்டுப்போனதோ என்று எல்லோரும் பதறி வந்தார்கள். வழிகாட்டி, அன்று நீ செல்களை வைத்திருந்த மூன்று தட்டுகளின் எண்களையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“ஞான் தோற்று,” என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. “இதைத்தான் முதல் சாப்டராக்கணும்.”

வாய்மொழித் தேர்வில், இது எந்தக் கிளை என்று மடக்கினார்கள். டோல் ஏற்பிக்கும் இன்டர்லூகின் ஏற்பிக்கும் உள்பக்கம் ஒன்றுதானே? நீ அசரவில்லை. “குடும்பம் நிச்சயம். கிளையை வெளிப்பக்கம் கிடைத்ததும் சொல்கிறேன்,” என்றாய். இரண்டு வருடம் கழித்து முழு மரபணுவையும் நீயே பிடித்தாய். டோல் கிளைதான். தொலைபேசியில் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசியதில் ஒரு சொல்லும் புரியவில்லை.

இப்போது ஆய்வேடுகள் என் மேசைக்கு வருகின்றன. பொருந்தாத ஒரு முடிவை அடிக்கப் பேனாவை எடுக்கும்போதெல்லாம் கை நின்றுவிடுகிறது. “எந்த ஒன்றை மாற்றினால் இது நிற்கும்?” என்று எழுதிய மாணவரிடம் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்கிறேன். அந்தப் பொறுமை நீ கொடுத்துப் போனது.