நாய் பெயரும் கதவு எண்ணும்

ஜூன் 4

அன்பு அக்கா,

நலமா என்று கேட்கமாட்டேன். உன் மெயில் கணக்கு மூன்று நாள் திருடன் கையில் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. தையற்கடை வாடிக்கையாளர்களுக்கெல்லாம் உன் பெயரில் கண்ட கண்ட லிங்க்கை அனுப்பியிருக்கிறான். நலம் எங்கிருந்து வரும்? போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன். ஒழுங்காகப் பூட்டாத மெயிலில் இதை எழுதவும் முடியாது. அதனால் தபால்.

இன்னுமா அப்பா வைத்த பாஸ்வேர்டு? நாய் பெயரும் கதவு எண்ணும்! நாய் செத்துப் பதினோரு வருஷம், அந்த வீட்டையும் காலி செய்தாயிற்று. பாஸ்வேர்டு மட்டும் சிரஞ்சீவி. மெயில், கடைப் பக்கம், பாப்பாவின் பள்ளிக்கூடம், எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி. இன்றைக்கே மாற்று. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு. சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைக் கோத்தால் போதும், நீளம்தான் பலம். மனப்பாடம் ஆகாவிட்டால் நோட்டில் எழுதி அலமாரியில் பூட்டு. இந்தத் திருடன் அலமாரிக்கு வரமாட்டான். புதிதாக யார் நுழைந்தாலும் உன் போனுக்கு ஓடிபி வரும்படி வை. அந்த எண்ணை யார் கேட்டாலும், நானே கேட்டாலும், சொல்லாதே.

இது உன் வீட்டுக்காரர் வேலைதான். மாமா கண்ட லிங்க்கை அமுக்கியிருப்பார். கடைக் கம்ப்யூட்டரை இனி அவர் தொடக் கூடாது.

தம்பி


ஜூன் 11

தம்பிக்கு,

நீ சொன்னதையெல்லாம் செய்துவிட்டேன். ஆறு கணக்கு, ஆறு பாஸ்வேர்டு, ஒரு நோட்டு. பாப்பாவுக்குக்கூட அலமாரிச் சாவி கிடையாது.

ஆனால் உன் கடிதத்தை வெட்டும் மேசையில் வைத்தது என் தப்பு. மாமா படித்துவிட்டார். கோபப்படவில்லை. "சரி, நான் கத்திரியோட நிறுத்திக்கறேன்" என்றார், அவ்வளவுதான். அன்றிலிருந்து கம்ப்யூட்டர் பக்கம் திரும்பவில்லை. அளவுகளைத் துண்டுச் சீட்டில் எழுதி என் பக்கம் தள்ளுகிறார். நீ வேலைக்குப் போட்டுக்கொண்டு போன முதல் சட்டை அவர் தைத்தது, ஞாபகம் இருக்கிறதா?

அவர் அமுக்கியதை நீ பார்த்தாயா? கணக்கில் யார், எப்போது நுழைந்தார்கள் என்ற பட்டியலை அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். நிரூபி. முடியாவிட்டால் இனி எனக்கு எழுதாதே.

அக்கா


ஜூன் 19

அக்கா,

பட்டியலைப் பார்த்தேன். திருடன் ஒரு தடவைகூடத் தப்பாக அடிக்கவில்லை. முதல் தட்டிலேயே கதவு திறந்திருக்கிறது. அப்படியென்றால் பாஸ்வேர்டு அவனுக்கு முன்பே தெரியும். எந்தெந்தத் தளத்திலிருந்து விவரம் கசிந்தது என்று காட்டும் இடம் ஒன்று உண்டு. அதில் உன் மெயில் முகவரியைப் போட்டேன். ஒரே ஒரு பெயர் வந்தது. கார் பந்தய விளையாட்டுத் தளம்.

நீ கார் பந்தயமா ஆடினாய்? நான் ஆடினேன். பத்தாம் வகுப்பில். அப்போது எனக்கு மெயில் கிடையாது. உன் முகவரியைக் கொடுத்து, வீட்டு பாஸ்வேர்டையே போட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. பிறகு மறந்தே போனேன். அந்தத் தளத்தைப் போன வருஷம் யாரோ சூறையாடியிருக்கிறார்கள்.

மாமா எதையும் அமுக்கவில்லை. ஊரார் கணக்குக்கெல்லாம் பூட்டு மாட்டுவது என் பிழைப்பு. உன் வீட்டுச் சாவியைத் தெருவில் போட்டவனும் நான்தான். சுற்றி வளைக்கத் தெரியாது: தப்பு என்னுடையது, மாமாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

இந்தக் கடிதத்தையும் அதே மேசையில் வை.

தம்பி


ஜூன் 26

அவசரக்குடுக்கைக்கு,

வைத்தேன். மாமா கால்சட்டைத் துணி வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டி முடித்த பிறகுதான் எடுத்தார். இரண்டு முறை படித்தார்.

"பந்தயத்துல ஜெயிச்சானாமா?" என்றார். கேட்டுச் சொல்லச் சொன்னார்.

அப்புறம் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அரை மணி நேரம் ஒற்றை விரலால் தட்டினார். உனக்கென்று தனியாக ஒரு விருந்தினர் கணக்கு திறந்திருக்கிறார். "கடைக் கணக்குக்குள்ள அவன விடமாட்டேன். ஆனா வந்தா அவனுக்குன்னு ஒரு வாசல் இருக்கணும்ல?"

பாஸ்வேர்டு என்ன வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"அத அவனே வந்து வெக்கட்டும். நான் திரும்பி நின்னுக்கறேன்."

என்றைக்கு வருகிறாய்?

அக்கா