எட்டுப் பேர் மூடிய களம்

அக்கா,

நேற்று மழைக்குப் பக்கத்து வீட்டில் குறுவை நெல்லை மூடத் தார்ப்பாயை உதறினார்கள். அந்த ஈர வாடை மூக்கில் ஏறியதும் நீங்கள் வந்து முன்னால் நின்றுவிட்டீர்கள். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

நாகப்பட்டினத்தில் சுனாமி அடித்த வருஷம் அது. கடல் வந்தது மார்கழியில். நம் பிழைப்பு ஐப்பசியிலேயே போய்விட்டது. அரிசி மில்லை ஒரு கம்பெனி வாங்கியது. களத்தில் அவித்த நெல்லைக் காயப்போட்ட பதினான்கு பேரில் எட்டுப் பேர் போதும் என்று சென்னையில் இருக்கும் பெரிய முதலாளி சொன்னாராம். நம் களத்தை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. மேஸ்திரி என்பதால் உங்களை வைத்துக்கொண்டார்கள். நான் வெளியே போன ஆறில் ஒருவன்.

பத்து நாள் கழித்து, மத்தியானம், மேற்கே கறுத்தது. தூறல் விழுந்ததும் ஆறு பேரும் மில்லைப் பார்த்து ஓடினோம். யாரும் கூப்பிடவில்லை. காயும் நெல் நனைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார நமக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான். பக்கக் கேட்டைத் திறந்துவிட்டுக்கொண்டே திட்டினீர்கள்: "மானங்கெட்டதுங்களா! தொரத்திவிட்டவன் நெல்லுக்கா இந்த ஓட்டம் ஓடியாறீங்க?" அதே மூச்சில், "பக்கிரி, அந்தத் தார்ப்பாய் முனையப் புடிடா!"

ஒரு நெல்மணிகூட நனையவில்லை.

மறுநாள் மேனேஜர் காரில் வந்து இறங்கி, நனையாத நெல்லை உங்களிடம் காட்டினார். நாங்கள் கேட்டுக்கு வெளியே நின்றோம்.

"பாத்தீங்களா, எட்டுப் பேரே போதும்னு எம்.டி. சொன்னது சரியாப்போச்சு!"

நீங்கள் தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். படுக்கையில் கிடந்த புருஷனுக்கு உங்கள் கூலிதான் கஞ்சி.

"எட்டு இல்லீங்க சார். பதினாலு பேரு மூடுனோம்."

"வெளியாளுங்களா? கேட்டைத் தெறந்தது யாரு?"

"நான்தாங்க. வெளியாளுன்னு சொல்லாதீங்க. போன மாசம் வரைக்கும் உங்க ஆளுங்கதானே?"

அன்றைக்கே உங்களையும் அனுப்பினார்கள். சென்னைக்குப் போன காகிதத்தில் எட்டு என்றே எழுதியிருந்ததாம், கணக்குப்பிள்ளை சொன்னார். அதைக் காட்டி அந்தக் கம்பெனியின் மற்ற மில்களிலும் ஆளைக் குறைத்தார்கள். நாம் ஓடிய ஓட்டம் முகம் தெரியாதவர்களின் சோற்றையும் பறித்தது.

போன வாரம் பேப்பரில் அந்த முதலாளிக்கு மாலை போட்ட படம் வந்ததாம். செலவைக் குறைத்து மில்லை நிமிர்த்திய கெட்டிக்காரர் என்று மருமகள் படித்தாள். எதைக் குறைத்தார்? தன் காரில் ஒரு சக்கரத்தைக் குறைத்தாரா? அறுபது வயதில் நீங்கள் சித்தாளாகச் செங்கல் சுமந்ததை எந்தப் பேப்பரில் போட்டார்கள்?

காகிதத்தில் விடுபட்ட ஆறு பெயரையும் இதில் எழுதச் சொல்லியிருக்கிறேன். அந்தோணி, செல்லம்மா, நடேசன், ராசாத்தி, சூசை, பக்கிரி. ஐந்து பேர் நீங்கள் போய்ச் சேர்ந்த இடத்துக்கே வந்துவிட்டார்கள். தூறல் விழுந்தால் இன்னும் எழுந்து ஓடப் பார்க்கும் கால் ஒருவனுக்குத்தான் மிச்சம்.

பக்கிரி.