தூங்கப் போனவள்

மடவார் வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர்
4.8.2025

பாப்பாவின் அப்பாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அக்கா கட்டிலைக் காட்டினாள், படுத்துவிட்டேன். மறுநாள் விளக்கேற்றும் நேரத்துக்குத்தான் எழுந்தேனாம். இடையில் பால் கட்டி வலித்ததும், அக்கா எழுப்பிப் பீய்ச்ச வைத்ததும் கனவுபோல் இருக்கிறது.

போன் செய்யாதீர்கள். நீங்கள் பேசும்போது பின்னால் பாப்பா அழுவது கேட்டால் எனக்கு மார் சுரந்து சேலை நனைந்துவிடுகிறது. பிறகு தூக்கம் கிடையாது. அத்தான் தினமும் ராஜபாளையத்துக்குத்தானே வேலைக்கு வருகிறார். அவரிடம் பாலை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்புகிறேன். சொல்ல வேண்டியதை எழுதி அவரிடமே கொடுங்கள்.

பாட்டிலை அடுப்பில் வைக்க வேண்டாம். வெந்நீரில் வைத்தால் போதும்.

காளீஸ்வரி

ராஜபாளையம்
6.8.2025

அன்புள்ள காளீஸ்வரிக்கு,

பாலும் கடிதமும் சகலை கொடுத்தார். பாப்பா நலம். ராத்திரி தூங்குவதில்லை, அவ்வளவுதான். ஐந்து மாசப் பிள்ளை அப்படித்தான் இருக்கும். அழாமல் வளர்ந்த பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது?

எதிர்வீட்டு முத்துப்பேச்சி, "என்ன, கோவிச்சிட்டுப் போயிட்டாகளா?" என்று கேட்கிறாள். உன் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். நாளைக்குச் செட்டியார்பட்டியிலிருந்து அம்மா வருகிறார்கள். திங்கள்கிழமை நான் மில்லுக்குப் போயாக வேண்டும். எனவே ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு.

சிவபாண்டி

மடவார் வளாகம்
7.8.2025

பாப்பாவின் அப்பாவுக்கு,

அக்கா நன்றாகத்தான் இருக்கிறாள். நான் தூங்கப் போயிருக்கிறேன் என்றே முத்துப்பேச்சியிடம் சொல்லுங்கள். அதில் மறைக்க ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வரவில்லை.

போன வாரம் ஒரு நாள் பாப்பாவைக் காணோம் என்று தொட்டில், கட்டில், அடுப்படி எல்லாம் தேடினேன். தெருவுக்கு ஓடப் பார்த்தேன். அவள் என் தோளில் கிடந்தாள். நீங்கள் வாசலில் நின்று சிரித்தீர்கள். "ஏட்டி, கிறுக்கு புடிச்சிருச்சா?" என்றீர்கள். சிரித்ததைத் தப்பென்று சொல்லவில்லை. பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் எனக்கு அவள் எடை தெரியவில்லை. தோளில் பிள்ளை இருப்பது தெரியாதவள் அடுப்புப் பக்கம் போகக் கூடாது. "மருந்து இருக்கட்டும்மா, மொதல்ல தூங்குங்க" என்று டாக்டரம்மா சொன்னபோது நீங்களும் பக்கத்தில்தான் இருந்தீர்கள்.

தூக்கம் தெளிந்ததும் வருகிறேன். அத்தையிடம் சத்தம் போடாதீர்கள்.

காளீஸ்வரி

ராஜபாளையம்
12.8.2025

அன்புள்ள காளீஸ்வரிக்கு,

எழுத உட்கார நேரம் இல்லை. அதனால் இத்தனை நாள்.

அம்மா வந்ததும், "பெத்தவ தூங்குதா, நீ தொட்டிலாட்டுதியா? நாலு பேர வச்சுப் பேசிக் கூட்டியாரணும்லே" என்றார்கள். "பேசலாம்மா. இன்னைக்கு ராத்திரி நீங்க பாருங்க" என்று பாப்பாவைக் கையில் கொடுத்தேன். விடிந்ததும் காப்பிகூடக் குடிக்கவில்லை, பஸ் ஏறிவிட்டார்கள். "நாங்கள்லாம் எப்படி வளத்தோம்னே மறந்து போச்சுலே" என்றார்கள். நாலு பேர் பேச்சு அதோடு நின்றது.

நேற்று பாப்பாவை முத்துப்பேச்சியிடம் விட்டுவிட்டு மில்லுக்குப் போனேன். மெஷினை நிறுத்திக் கழற்றிக்கொண்டிருந்தவன் அதன்மேலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டேன். சூப்பர்வைசர் சங்கையா எழுப்பி, "வீட்ல என்னப்பா?" என்றார். "பிள்ள தூங்க மாட்டேங்கு" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் மட்டும் கேட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேற்று ராத்திரி பாப்பா அழுகையை நிறுத்தவே இல்லை. தொட்டிலை மூர்க்கமாக ஆட்டிவிட்டேன். எனக்கே பயமாகிவிட்டது. அவளைப் பாயில் கிடத்திவிட்டு வாசலில் போய் நின்றேன். செத்த நேரம் கழித்து உள்ளே வந்தபோது அழுகை அப்படியேதான் இருந்தது. அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். இப்படி எத்தனை ராத்திரி நீ தனியாக நின்றாய் என்று எனக்குத் தெரியாது. நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குச் சிரித்திருக்கக் கூடாது.

சங்கையாவிடம் சொல்லிப் பகல் ஷிப்டு மட்டும் வாங்கியிருக்கிறேன். இனி ராத்திரியில் முன்பாதி என்னுடையது, பின்பாதி உன்னுடையது. இப்போது நீ வர வேண்டாம். இன்னும் தூங்கு.

சிவபாண்டி

மடவார் வளாகம்
13.8.2025

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா, "என்ன எழுதியிருக்காக?" என்றாள். "வர வேண்டாம்னு எழுதியிருக்காக" என்றேன். அவள் முகம் செத்துப்போயிற்று. "ஒங்க அத்தான விட்டுப் பேசச் சொல்லட்டா?" என்றாள். "தூங்கச் சொல்லியிருக்காகக்கா" என்றேன். அவள் நம்பவில்லை. பிடுங்கிப் படித்தாள். பிறகு அத்தானைக் கூப்பிட்டு, "நீங்களும் ஒருக்காப் படிங்க" என்று அவர் கையில் கொடுத்தாள்.

இன்று மத்தியானம் படுத்துப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை. தூங்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

சனிக்கிழமை காலைப் பஸ்ஸில் வருகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம். அந்த நேரத்தில் பாப்பா தூங்கினால் நீங்களும் தூங்குங்கள். நீங்கள் சொன்னபடியே முன்பாதி உங்களுடையது. அவள் அழுதால் எனக்கு விழிப்புத் தட்டும், அது என் கையில் இல்லை. ஆனால் எழுந்து வர மாட்டேன். கண்ணைத் திறக்காமல் படுத்திருப்பேன்.

உங்கள்
காளீஸ்வரி