விழப்போகிற பற்கள் என்று நிறுத்தப்பட்ட பரிசோதனை

அனுப்புநர்:
குழந்தைகள் காப்பகப் பணியாளர்,
ஆயத்த ஆடை ஆலை.

பெறுநர்:
சுகாதார அலுவலர் அவர்கள்.

பொருள்: காப்பகக் குழந்தைகளுக்குப் பல் பரிசோதனையை உடனே மீண்டும் தொடங்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஆலையில் தைக்கும் தாய்மார்களின் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை நான் பார்த்துக்கொள்கிறேன். தையல் கூடத்துக்கும் காப்பகத்துக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். பிள்ளை அழுதால் தாய்க்கு மெஷினில் கை ஓடாது. ஆகவே மதியம் சர்க்கரைப் பால் பாட்டிலை வாயில் வைத்தே தூங்கவைப்பது இங்கு வழக்கம். வைப்பவள் நான்தான். மறைக்க விரும்பவில்லை.

2. முன்பு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவர் அம்மா வந்து, பிள்ளைகளின் உதட்டைத் தூக்கிப் பார்த்து, பல்லில் மருந்து பூசுவார். பாட்டிலைக் கண்டால் என்னை வாங்கு வாங்கென்று வாங்குவார். ஒரு மாதம் வெறும் தண்ணீர் வைப்பேன். பிறகு மெல்லச் சர்க்கரை ஏறும். அதற்குள் அவர் மறுபடி வந்து நிற்பார்.

3. இரண்டு ஆண்டுகளுக்கு முன் புதிய மேலாளர் அந்த வருகையை நிறுத்தினார். "விழப்போற பல்லுதானே, அதுக்கு எதுக்கு டாக்டரு?" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது.

4. பொத்தான் தைப்பவரின் மகளை நாங்கள் சிட்டு என்போம். வயது நான்கு. அவள் முன்பல்லில் வெள்ளைக் கோடு தெரிந்தபோது, பால் படிந்திருக்கிறது என்று துடைத்துவிட்டேன். கோடு பழுப்பாகிக் கறுத்தது. ஒரு பக்கமாகவே மென்றாள். பிடிவாதம் என்று அதட்டினேன். இந்தத் திங்கள்கிழமை காலை கன்னம் வீங்கி வந்தாள். மதியத்துக்குள் வீக்கம் தாடைக்கு இறங்கி, எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை.

5. மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுத்து எட்டுப் பற்களை எடுத்தார்கள். சீழ் கழுத்துவரை பரவியதால் இன்னும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள். பல் மருத்துவர் இங்கே ஓராண்டு வந்துபோகும் செலவைவிட, மூன்று நாளில் இவள் ஒருத்திக்கு ஆனது அதிகம். ஆலை கைகழுவிவிட்டது.

6. செவ்வாயன்று மற்ற பதினொரு பேரின் உதட்டையும் நானே தூக்கிப் பார்த்தேன். ஐந்து பேருக்கு வெள்ளைக் கோடு. மூன்று பேருக்குக் கறுத்துவிட்டது. அன்று முதல் தண்ணீர்தான் வைக்கிறேன். அழுகை கேட்டு வந்த மேலாளர், பாட்டிலில் பழையபடி பால் இருக்க வேண்டும், தாய்மார்களிடம் மூச்சு விடக்கூடாது என்றார்.

7. இன்று மாலை தாய்மார்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன். விசாரணையில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு முன், முன்னறிவிப்பின்றி மருத்துவரோடு வந்து பிள்ளைகளின் வாயைப் பார்க்கும்படி மன்றாடுகிறேன். நாளை நான் இங்கே இருக்கமாட்டேன். என் இடத்துக்கு வருபவருக்கு எந்தப் பிள்ளைக்குப் பல் கறுத்திருக்கிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள். பாலில் எத்தனை கரண்டி சர்க்கரை என்பதை மட்டும் சொல்லிக்கொடுப்பார்கள்.

நாள்: வியாழக்கிழமை
இடம்: ஆலைக் காப்பகம்

தங்கள் வருகையை வேண்டி நிற்கும்,
(கையொப்பம்)
காப்பகப் பணியாளர்