முசுறு இல்லாத மாந்தோப்பு

என் அருமை செல்லம்மா அக்காவுக்கு,

நம் இலத்தூர் தோப்பின் கடைசி மாமரத்தை நேற்றுச் சாரலில் நனைந்தபடி வெட்டிச் சாய்த்தார்கள். நீ கண்ணை மூடி மூன்று வருஷம் ஆகிறது. இதை உனக்குச் சொல்ல எனக்கு என்ன தகுதி? ஆனால் வேறு யாரிடம் சொல்வேன்?

அத்தான் இறந்து நீ பிறந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து, விடிந்தால் சைக்கிள் கம்பியோடு தோப்புக்குப் போய்விடுவாய். அடிமரத்தில் தூள் உதிர்ந்திருந்தால், அந்த ஓட்டையில் கம்பியை விட்டு, மரத்தைக் குடையும் வெள்ளைப் புழுவைக் குத்தி இழுப்பாய். புழு போன ஓட்டைக்குள் பூரான், சிலந்தி, சின்னக் குளவி என எத்தனை குடித்தனம் பார் என்பாய். நான் சிரிப்பேன்.

இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் முசுறு எறும்பு கடிக்கிறதென்று காய் பறிப்பவர்கள் மரமேற மறுத்தார்கள். தென்காசியிலிருந்து மருந்தடிக்கிற ஆளைக் கூட்டிவந்தேன். அந்த மருந்து அப்போது ஊருக்குப் புதுசு. நீ குறுக்கே நின்றாய்.

"ஏலே, முசுறு இருக்குத மரத்துல புழுவைப் பெக்குத வண்டு வந்து முட்டை வைக்காதுலே. இந்த மருந்து மேல ஊருததை எல்லாம் கொல்லும். உள்ள இருக்குத புழுவை என்னலே செய்யும்?"

ஆட்கள் சிரித்தார்கள். எனக்கு அவமானமாகிவிட்டது.

"தாலியறுத்துட்டு வந்தவளுக்குத் தோப்புல என்ன பேச்சு? வெளிய போ!"

மத்தியானமே பஸ் ஏறி, சிவகிரியில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாய்.

முசுறுக் கூடுகள் காய்ந்து தொங்கின. குளவிகளும் போயின. பறிப்பு சுலபமாக முடிந்ததும் உன்னை ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். மறு வருஷம் மரத்துக்கு மரம் தூள் கொட்டியது. மறுபடியும் மருந்தடித்தேன். கிளை கிளையாகப் பட்டுப்போயிற்று. ஒரு கார்டு போட்டிருந்தால் வந்திருப்பாய். என் வீறாப்பு விடவில்லை. உன் சாவுச் செய்திதான் வந்தது.

நேற்றுப் பிளந்த மரத்துக்குள் புழுக்கள் கட்டைவிரல் பருமனில் நெளிந்தன.

"அண்ணாச்சி, இவ்வளவு மருந்தடிச்சும் இது சாவலியே?" என்றார் மரம் வெட்டியவர்.

அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. சிவகிரியில் உன் துட்டி வீட்டில், சாவு கேட்க வந்தவர்களிடம், "அக்கா தானாத்தான் கோவிச்சுட்டுப் போனா" என்று சொல்லி அழுதேன். எல்லோரும் உன்னைப் பிடிவாதக்காரி என்றார்கள். உயிரோடிருந்தவரை நீயும் அங்கே வாய் திறக்கவில்லையாம். என்னை ஏன் காட்டிக்கொடுக்காமல் போனாய்?

வெள்ளிக்கிழமை சிவகிரிக்குப் போகிறேன். நான்தான் விரட்டினேன் என்பதையும், என்ன சொல்லி விரட்டினேன் என்பதையும் சித்தியின் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். இது சத்தியம்.

உன்னோடு பிறந்தும் உனக்கு உதவாமல் போன தம்பி,
சங்கரன்