சத்து மாத்திரையை விட்ட தவக்காலம்

அன்பு மகள் ஸ்வீட்லினுக்கு,

திருமுல்லைவாயிலிலிருந்து அப்பா பாஸ்கல் எழுதிக்கொள்வது. ஆண்டவர் அருளால் இங்கே எல்லாரும் சுகம், நீயும் சுகமா என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பேன். இன்றைக்கு அப்படி எழுதினால் அது பொய். உன் அம்மா சுகமாக இல்லை. போனில் பேசினால் நான் கத்திவிடுவேன், அவளும் பக்கத்திலேயே இருக்கிறாள், அதனால்தான் தாளில் எழுதிப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். கோபத்தில் பாதியில் மூடி வைக்காமல் கடைசிவரை படி.

தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முந்தின நாள் அம்மா உன்னிடம் என்ன கேட்டாள், ஞாபகம் இருக்கிறதா? மூன்று தடவை தவறிப்போன உன் இங்கிலாந்து நர்ஸ் பரீட்சைக்காக நோன்பிருந்து ஜெபம் பண்ணச் சொல்லி அழுதது நீ. அதற்கு அவள், பாலையும் தயிரையும் விட்டுவிடுகிறேன், அந்தச் சத்து மாத்திரையையும் நாற்பது நாள் விட்டு உனக்காக ஒப்புக்கொடுக்கட்டுமாடி என்று கேட்டாள். உன் இஷ்டம்மா, டூட்டிக்கு நேரமாச்சு என்று சொல்லி வைத்துவிட்டாய். ஏம்மா, ஆவடியில் ஆறு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள்தானே நீ? இங்கிலாந்தில் முதியோர் இல்லத்தில் யார் யாரையோ பெற்றவர்களுக்கு நேரம் தவறாமல் மாத்திரை கொடுக்கிறாய், உன்னைப் பெற்றவள் எந்த மாத்திரையை விடுகிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா? வயிறு எரிகிறது எனக்கு. தைராய்டு மாத்திரை நோய்க்கு, அதை விடக்கூடாது, கால்சியம் மாத்திரை வெறும் சத்துக்குத்தானே என்று அவளாகவே ஒரு கணக்குப் போட்டிருக்கிறாள். பேப்பர் படித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன், அது வேறு விஷயம், அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதல் வாரமே உதடு மரத்துப்போகிறது, விரல் நுனியில் எறும்பு ஊர்கிறது என்றாள். நோன்பு அப்படித்தான் இருக்கும் என்று அவளே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். போன வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவைப்பாதை, பதினாலு தலத்திலும் நின்று நின்று ஜெபித்துக்கொண்டு போனோம். எட்டாம் தலத்தில் அவள் கையிலிருந்த புத்தகம் விழுந்தது. இரண்டு கையும் மணிக்கட்டில் மடங்கி, விரல்களெல்லாம் ஒன்றாகக் குவிந்து இழுத்துக்கொண்டன, பிரிக்கவே முடியவில்லை. ஜெபக்கூட்டத்து ஜெனிஷா ஓடி வந்து, அக்காமேல ஆவியானவரோட அபிஷேகம் இறங்கிடுச்சு என்று சத்தம் போட்டாள். எல்லாரும் சுற்றி நின்று அவள் தலையில் கை வைத்து அல்லேலூயா சொன்னார்கள். நானும்தான் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வழிய, என் மகள் பாஸ் ஆகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு சொன்னேன். வாசலில் மெழுகுவத்தி விற்கிற கண்ணம்மாதான் உள்ளே வந்து என் சட்டையைப் பிடித்து, இன்னா அண்ணாத்தே, அக்கா கை கோணிகினு கீது, மூச்சு உட முடியாம தவிக்குது, நீ பாட்டு பாடிகினு கீற, ஆட்டோவ கூப்புடு என்று கத்தினாள். அவளுக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை.

அம்பத்தூர் ஆஸ்பத்திரியில் ஊசி வழியாகக் கால்சியம் ஏற்றினார்கள். ரத்தத்தில் ஒன்பதுக்குக் குறையாமல் இருக்க வேண்டியது ஆறுதான் இருந்ததாம், இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால் வலிப்பு வந்திருக்கும், இதயம் நின்றிருக்கும் என்று டாக்டரம்மா என்னைப் பிடி பிடி என்று பிடித்துவிட்டார். கழுத்தில் இருக்கும் தைராய்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறினால் இறக்கி எலும்பில் சேர்க்க ஒரு ஹார்மோன் சுரக்குமாம். அதன் முதுகிலேயே அரிசி மாதிரி நாலு குட்டிச் சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்குமாம். குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்துக்குக் கொடுப்பது அவற்றின் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கட்டிக்காகத் தைராய்டை முழுசாக எடுத்தபோது இறக்குகிற ஹார்மோன் போனது, அது இல்லாமல் உடம்பு சமாளித்துக்கொள்ளும். ஆனால் அந்த நாலு அரிசியும் அப்போதே செயலிழந்துவிட்டன, ஏற்றிவிட உள்ளே ஆள் இல்லை, அந்த மாத்திரைதான் ஆள் என்றார். உங்க மகள் நர்ஸ்னு சொன்னீங்களே, அவங்க சொல்லலையா என்றும் கேட்டார். எங்கே முகத்தை வைத்துக்கொள்வது நான்?

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தோம். பங்குச் சாமியாரே வந்து, நோயாளிக்கு நோன்பு கிடையாது, ஆண்டவர் கேட்கவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். சரிங்க சாமி என்று தலையாட்டினாள். நான் மாத்திரை கொடுத்தேன், வாயில் போட்டுத் தண்ணீரும் குடித்தாள். இன்று காலை ரோஜாத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போனால் மண்ணில் ஆறு மாத்திரை, பாதி கரைந்து வெள்ளையாகக் கிடக்கிறது. நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு போய்த் துப்பியிருக்கிறாள். கையில் எடுத்துப்போய்க் காட்டினேன். வாக்குக் கொடுத்துட்டேன், நடுவுல உட்டா பொண்ணு பரீட்சை போயிடும், ஈஸ்டருக்கு இன்னும் பதினெட்டு நாள்தானே என்கிறாள். சாவதைப் பற்றி அவளுக்குப் பயமே இல்லை ஸ்வீட்லின், உன் ரிசல்ட்டைப் பற்றித்தான் பயம். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று நானும் சொல்லிப் பார்த்தேன், திட்டினேன், முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக அவள் காலைக்கூடப் பிடித்தேன். என் பேச்சும் எடுபடவில்லை, சாமியார் பேச்சும் எடுபடவில்லை.

உனக்காகக் கொடுத்த வாக்கை உன் ஒருத்தியால்தான் திருப்பிக் கொடுக்க முடியும். இதைப் படித்ததும் கூப்பிடு. எப்படி இருக்கே, சாப்பிட்டியா என்று ஆரம்பித்து அழ ஆரம்பிக்காதே. பரீட்சை போனால் போகட்டும், எனக்கு நீ வேணும், என் கண் முன்னால மாத்திரையை முழுங்கி வாயைத் திறந்து காட்டு என்று சொல். வீடியோவில் சொல். டூட்டிக்கு நேரமாச்சு என்று மட்டும் சொல்லாதே.

உன்மேல் உள்ள கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை, என்மேல் உள்ளதும் தீராது. ஆனாலும் ஆண்டவர் உன் கைகளை ஆசீர்வதித்து, படித்த படிப்புக்குப் பலன் தரட்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. இங்கே மணி நாலாகிறது. இரவு மாத்திரையை இப்போதே பிரித்து சாசரில் வைத்து அவள் எதிரில் வைத்திருக்கிறேன். அவள் அதைப் பார்க்கவில்லை, போனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
பாஸ்கல்